பதினான்கு பேருக்கு ஒரு கூடம்

போன வருஷம் சித்தப்பா மகளுக்குப் பல்லாவரத்தில் வளைகாப்பு. கம்பத்திலிருந்து 14 பேர் கிளம்பினோம். அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கடைக்குட்டிக்கு ஒன்றரை வயது. சீர்த்தட்டு, வளையல், கட்டுச்சோறு பற்றியெல்லாம் ஒரே நாளில் பேசி முடித்துவிட்டார்கள். இரண்டு ராத்திரி எங்கே தங்குவது என்ற பேச்சுதான் ஒரு வாரம் ஓடியது. பெரியப்பா எழும்பூர்தான் என்றார். மதுரையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை போய்ப் பழகியவர் அவர். ரயிலைவிட்டு இறங்கி, கென்னட் லேனில் ஒரு லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டு வேலை பார்த்த நாட்கள் அவருடையவை. மச்சான், பல்லாவரம் பக்கமே வீடு மாதிரி ஒன்றை எடுத்துவிடலாம் என்றார். அத்தை மட்டும், "எங்கிட்டு வேணும்னாலும் தங்குங்க. எல்லாரும் ஒரே கூரைக்குள்ள இருக்கணும், அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று நீளும் எங்கள் பள்ளத்தாக்கில் இந்தப் பேச்சு நடக்காத வீடு இருக்காது. கல்யாணம், காதுகுத்து, கோயில், ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை, எதுவானாலும் நாங்கள் கூட்டமாகத்தான் போகிறோம். இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. தேக்கடிக்கும் மூணாறுக்கும் மேகமலைக்கும் சபரிமலைக்கும் போகிற வெளியூர்க் கூட்டம் எங்கள் ஊர்கள் வழியாகத்தான் போகிறது. அவர்களும் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். ஊரின் நடுவில் தனித்தனி அறைகள் எடுப்பதா, ஊருக்கு வெளியே கூடமும் இரண்டு மூன்று படுக்கையறையும் சின்னச் சமையலறையும் சேர்ந்த சூட் அறை எடுப்பதா? வாடகைக் கணக்கை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்பவர்கள் பாதிக் கேள்வியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் கருத்து.

கூட்டமாகத் தங்குவது நமக்குப் புதிதில்லை. தனித்தனியாகத் தங்குவதுதான் புதிது. 1689 முதல் அடுத்த நூற்றாண்டின் தொடக்கம் வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளை நம் பக்கத்து மக்கள் சாலைக்கும் சத்திரத்துக்கும்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் பெயரிலுள்ள சத்திரம் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் இருக்கிறது. சென்னை சென்ட்ரலுக்கு எதிரே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த ராமசாமி முதலியார் சத்திரமும் அதே வழியில் வந்ததுதான். காசியில் நகரத்தார் சத்திரம், பழனியிலும் திருச்செந்தூரிலும் ஒவ்வொரு சமூகத்தாரும் கட்டிவைத்த மடங்கள், எல்லாவற்றுக்கும் அமைப்பு ஏறக்குறைய ஒன்று. நடுவில் முற்றமோ கூடமோ இருக்கும். சுற்றிலும் சின்ன அறைகள். பின்கட்டில் சமைக்க இடமும் கிணறும். அறைக்குள் பெட்டியை வைப்பார்கள், மற்றதெல்லாம் கூடத்தில்தான். கூட்டத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவருக்குத் தெரியும். பிள்ளை அழுதால் தூக்க நாலு கை இருக்கும்.

ரயிலும் வியாபாரமும் பெருகியபோது லாட்ஜ் வந்தது. லாட்ஜ் தனியாளுக்காகப் பிறந்தது: சரக்கு எடுக்க வந்த வியாபாரி, கோர்ட்டுக்கு வந்த கட்சிக்காரர், மருந்துக் கம்பெனி விற்பனையாளர். நீண்ட நடை, இருபுறமும் கதவு, ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் டபுள் காட். அந்த வேலைக்கு அது சரியான அமைப்பு. அதே இடத்தில் ஒரு குடும்பம் தங்கும்போதுதான் குறை தெரிகிறது. தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டுக்குப் போன காலத்தில் நாங்கள் ஒருமுறை சென்னைக்கு வந்து நகரின் நடுவில் ஒரு லாட்ஜில் ஐந்து அறைகள் எடுத்தோம். முதல் மாடியில் இரண்டு, இரண்டாவதில் ஒன்று, நான்காவதில் இரண்டு. லிஃப்ட் பாதி நேரம் ஓடவில்லை. மூன்று நாளும் யாராவது ஒருவர் யாரையாவது தேடி மாடிப்படியில் நின்றுகொண்டே இருந்தோம். வாங்கிய இட்லிப் பொட்டலம் ஆளாளுக்குப் பிரிந்து ஒருவருக்கு ஆறும் இன்னொருவருக்கு இரண்டுமாகப் போனது. அப்பத்தா கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்; கேட்டபோது, "யாரையுமே காணமப்பா" என்றார். எல்லாரும் அதே கட்டடத்தில்தான் இருந்தோம்.

சூட் விடுதி என்பது அமெரிக்காவில் வேறு காரணத்துக்காக வளர்ந்தது. 1975-இல் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் ஜாக் டிபோயர் என்பவர் ரெசிடென்ஸ் இன் விடுதியைத் தொடங்கினார். வேலை நிமித்தம் வாரக்கணக்கில் வெளியூரில் தங்குகிறவர்களுக்காக, சமையலறையோடு வீடு போன்ற அறைகள். அந்த வகை விடுதிகள் அலுவலகங்களை ஒட்டி, பெருவழிச் சாலைகளின் ஓரத்தில், நிலம் மலிவாகக் கிடைத்த புறநகர்களில் பரவின. சென்னையில் சர்வீஸ் அபார்ட்மெண்ட் என்று சொல்லப்படும் வீடுகளும் அப்படித்தான் வந்தன. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தபின் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக ஐ.டி. கம்பெனிகள் வந்தன, பணி நிமித்தம் வருகிறவர்களுக்காக அந்த வட்டாரத்தில் வீடுகள் நாள் வாடகைக்கு மாறின. குடும்பங்கள் இவற்றைக் கண்டுபிடித்தது பின்னால்தான். கூடம், சுற்றி அறைகள், பின்னால் சமையலறை என்ற அமைப்பைப் பார்த்ததும் எனக்குச் சத்திரம்தான் நினைவுக்கு வந்தது. நாம் விட்டுவிட்ட ஒன்று வேறு வாசல் வழியாக, வாடகையோடு, திரும்பி வந்திருக்கிறது.

அது ஊருக்கு வெளியே இருக்கிறதே என்பதுதான் பெரியப்பாவின் வாதம். நியாயமான வாதம். ஆனால் 'வெளியே' என்பது எங்கிருந்து வருகிறோம் என்பதைப் பொறுத்தது. தென்மாவட்டப் பேருந்துகள் ஒரு காலத்தில் பாரிமுனைவரை போயின. 2002-இல் கோயம்பேடு நிலையம் வந்தது. 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. இன்று கம்பத்திலிருந்து இரவுப் பேருந்தில் வருகிறவர் விடியற்காலையில் வண்டலூர்ப் பக்கத்தில் இறங்குகிறார். அங்கிருந்து எழும்பூர் சுமார் 30 கிலோமீட்டர். ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்த உடம்போடு, மூட்டை முடிச்சோடு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தூரத்தைக் கடந்து எழும்பூரில் தங்கி, மறுபடி அதே வழியில் பல்லாவரத்துக்கு வளைகாப்புக்கு வரவேண்டும். பெரியப்பாவின் எழும்பூர் அவர் காலத்தில் வாசல். எங்கள் பேருந்துக்கு அது இப்போது நகரத்தின் மறுகோடி.

ரயிலில் வந்தால் கணக்கு தலைகீழாகும். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை 2010 கடைசியில் மூடப்பட்டு, 2022 மே மாதம் தேனிவரைக்கும், 2023 ஜூன் 15-இல் போடிவரைக்கும் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. பன்னிரண்டு வருஷம் ரயில் சத்தமே இல்லாமல் இருந்த ஊர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை வெளியூர்க்காரருக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. ஆனால் வாரத்தில் மூன்று நாள் ஓடும் அந்தப் போடி–சென்னை ரயில் மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், காட்பாடி சுற்றி சென்ட்ரலுக்குப் போகிறது. தாம்பரம் வழியாக வருவதில்லை. அதில் வருகிறவர் தாம்பரத்தில் தங்குமிடம் பிடித்தால், நகரத்தை முழுக்கக் கடந்து மறுபக்கம் போக வேண்டும். மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ போய் எழும்பூர் ரயில் ஏறுகிறவர் தாம்பரத்திலேயே இறங்கிவிடலாம். ஊர் ஒன்று, கூட்டம் ஒன்று. ஏறுகிற வண்டியைப் பொறுத்துத் தங்க வேண்டிய திசையே மாறுகிறது.

ஆகவே தூரத்தைக் கிலோமீட்டரால் அளப்பதை நான் விட்டுவிட்டேன். எத்தனை முறை ஏறி இறங்க வேண்டும் என்பதே கூட்டத்துக்கான அளவு. 14 பேர் ஆட்டோவில் போவதென்றால் ஐந்து ஆட்டோ வேண்டும். ஐந்தும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. மின்சார ரயிலிலோ மெட்ரோவிலோ 14 பேரும் ஒரே பெட்டியில் ஏறிவிடலாம். பரங்கிமலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டுக்கு ஓடும் மின்சார ரயிலும், சென்ட்ரலுக்குப் போகும் மெட்ரோவும் அங்கே ஒன்றுசேர்கின்றன. அந்த நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் ஒரு சூட் கிடைத்தால், மெரினாவும் தி. நகரும் மயிலாப்பூரும் ஒன்றிரண்டு ஏறி இறங்கலில் முடியும். அதே வாடகைக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் ரொம்ப உள்ளே இன்னும் பெரிய வீடு கிடைக்கும். ஆனால் அங்கிருந்து எங்கே போவதென்றாலும் வண்டி வைக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் அந்தச் சாலையில் வண்டி ஊர்ந்துதான் போகும். மெட்ரோ காலை 5 மணியிலிருந்து இரவு 11 வரைதான் ஓடுகிறது. ஆகவே இரவுக் காட்சி சினிமாவுக்குப் போகிற கூட்டம் திரும்பி வருவதற்கும் சேர்த்து யோசித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது நேரம். நம் பேருந்துகள் விடியற்காலை 5, 6 மணிக்குப் போய்ச் சேர்கின்றன. பெரும்பாலான ஓட்டல்களும் சர்வீஸ் அபார்ட்மெண்டுகளும் அறையைப் பகல் 12 மணிக்குத்தான் தருகின்றன. பழைய லாட்ஜ்கள் இந்த விஷயத்தில் நம் ஊர் வாழ்க்கையைப் புரிந்தவை. '24 மணி நேர செக்-அவுட்' என்று பலகை போட்டிருக்கும். எந்த நேரத்துக்குப் போகிறோமோ மறுநாள் அதே நேரம்வரை அறை நம்முடையது. சூட் பக்கம் போகிறவர்கள் இதை முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும். முந்தைய ராத்திரிக்கும் சேர்த்து வாடகை கொடுத்தாலும் தப்பில்லை என்பேன். ஏழு மணி நேரம் வரவேற்பறை நாற்காலியில் ஒரு கிழவியை உட்காரவைப்பதற்குப் பணத்தில் விலை போட முடியாது.

பலரும் எத்தனை கட்டில் என்று கேட்கிறார்கள். நான் எத்தனை குளியலறை என்று கேட்கிறேன். நம் கூட்டத்துக்குக் கட்டில் பிரச்சினையே இல்லை. கூடத்தில் பாயோ மெத்தையோ விரித்தால் எட்டுப் பேர் படுத்துக்கொள்வார்கள், அதுவும் சந்தோஷமாக. விடிந்த பிறகு பாருங்கள். 14 பேர், ஆளுக்கு 15 நிமிஷம். குளியலறை இரண்டு என்றால் ஒன்றே முக்கால் மணி நேரம். நான்கு என்றால் ஒரு மணிக்குள் முடியும். காலை ஏழரை முகூர்த்தம் என்றால் முதல் கணக்குப்படி முதல் ஆள் ஐந்தே முக்காலுக்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். பெண்கள் தலைக்குக் குளித்து, முடி உலர்த்தி, புடவை கட்டிப் புறப்படுகிற நேரம் இதில் சேரவில்லை. பல்லாவரத்தில் நாங்கள் எடுத்தது எதிரெதிர் வாசல் கொண்ட இரண்டு வீடுகள்; இரண்டிலும் சேர்த்து நான்கு குளியலறை. விளம்பரத்தில் அதைவிட அழகாக, பால்கனியோடு இருந்த ஒரு பெரிய சூட்டை விட்டுவிட்டோம். அதில் இரண்டுதான் இருந்தன. அந்த முடிவுக்காக அத்தை இன்றும் என்னைப் பாராட்டுகிறார்.

எதிரெதிர் வாசல் எடுத்ததில் இன்னொரு லாபம் வரியில் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். இது ஆள் கணக்கு இல்லை, அறைக் கணக்கு. ஒரே சூட்டாக 9,000 ரூபாய்க்கு எடுத்தால் வரியோடு 10,620 ஆகிறது. அதே 9,000 ரூபாய்க்கு, தனித்தனி ரசீது போடும் 4,500 ரூபாய் சூட் இரண்டு எடுத்தால் 9,450. ஒரு ராத்திரிக்கு 1,170 ரூபாய் வித்தியாசம். 14 பேருக்குக் காலைச் சாப்பாடு அதில் முடிந்துவிடும். பெரிய சூட்தான் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்கில்லை.

கிழமையும் வாடகையை மாற்றும். அலுவலகங்களை ஒட்டிய சூட்களில் திங்கள் முதல் வியாழன்வரை ஆள் இருக்கும். வெள்ளி ராத்திரியிலிருந்து காலியாகும். நம் விசேஷங்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறில் வருவதால் அது நமக்கு வாய்ப்பு; பேசிக் குறைக்கலாம். மலையில் நேர் எதிர். மூணாறிலும் தேக்கடியிலும் வார இறுதியில்தான் விலை ஏறும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியாற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த எங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. சென்னையின் புறநகரில் பல கட்டடங்கள் ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்பி இருக்கின்றன. 2019 கோடையில் நகரமே லாரியை எதிர்பார்த்து நின்றதை மறக்க முடியாது. பல்லாவரத்தில் முதல் நாள் காலையில் அப்பத்தா சோப்பைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார், நுரை வரவில்லை. வாயில் ஊற்றிக் கொப்பளித்துவிட்டு, "என்னப்பா, கடலைக் கொண்டாந்து குழாயில விட்டுருக்காய்ங்களா" என்றார். அன்றே 20 லிட்டர் கேன் ஆறு வாங்கினோம். குடிக்க நான்கு, அவர் குளிக்க இரண்டு. கோடையில் புறநகரில் தங்குவதானால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நாள் முழுக்க வருமா என்று கேட்காமல் முன்பணம் போடக்கூடாது.

சமையலறை விஷயத்தில் படத்தைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு பால் பாத்திரம், நாலு கோப்பை, இரண்டு தட்டு. பல இடங்களில் சமையலறை என்றால் இவ்வளவுதான். வேலைக்கு வருகிற தனியாள் காப்பி போட அது போதும். 14 பேருக்கு ரசமும் சோறும் வைக்க முடியாது. நாங்கள் ஊரிலிருந்தே ஒரு பெரிய சட்டியும் கரண்டியும் கொண்டுபோனோம். கூடவே புளியோதரை, இட்லிப்பொடி, இரண்டு சீப்பு வாழைப்பழம், ஒரு பெட்டி பன்னீர் திராட்சை. முழுச் சமையல் செய்யவில்லை. இட்லியும் சாப்பாடும் வெளியே வாங்கினோம். காப்பி, பிள்ளைக்குக் கஞ்சி, அப்பத்தாவுக்கு வெந்நீர் மூன்றுக்கும் அடுப்பு உதவியது. அதற்கே அந்தச் சமையலறை கொடுத்த வாடகைக்குத் தகும். ராத்திரி பத்தரை மணிக்குக் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து, மறுநாள் யார் எந்தத் தட்டைத் தூக்குவது என்று பேசிக்கொண்டே திராட்சைப் பெட்டியைக் காலி செய்தோம். லாட்ஜில் தங்கிய அந்தப் பழைய பயணத்தில் இப்படி ஒரு ராத்திரி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

மதுரைக்குப் போகிறபோது பெரும்பாலும் எங்களுக்குத் தங்கும் தேவையே இல்லை. ஆரப்பாளையத்தில் இறங்கி, வேலையை முடித்து, ராத்திரிக்குள் வீடு வந்துவிடுவோம். சித்திரைத் திருவிழாதான் விதிவிலக்கு. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வேண்டுமானால் முந்தைய ராத்திரியே மதுரையில் இருக்க வேண்டும். இங்கே எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு தப்புச் செய்கிறார்கள். தேனிச் சாலை மதுரைக்குள் மேற்கே நாகமலைப் புதுக்கோட்டை, காளவாசல் வழியாக நுழைவதால், அந்தப் பக்கத்திலேயே வசதியான இடம் பிடித்துவிடுகிறார்கள். அழகர் வருவதோ வடக்கிலிருந்து. அழகர்கோவிலிலிருந்து அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று மண்டகப்படிதோறும் நின்று நின்று வந்து ஆழ்வார்புரத்தில் ஆற்றில் இறங்குகிறார். மேற்கே தங்கியவர் பின்னிரவில், சாலைகளை அடைத்திருக்கும் நேரத்தில், லட்சக்கணக்கான ஜனத்துக்குள் ஊரைக் கடந்து வர வேண்டும். அழகர்கோவில் சாலையை ஒட்டி வடக்கே தங்கினவருக்கு, அழகரை ஊரார் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நாளில் சாமி தெருமுனைக்கே வருவார். வயதானவர்களை அந்த ஆற்றங்கரை நெரிசலுக்குள் கூட்டிப்போகாமல் மூன்றுமாவடியிலேயே கும்பிடவைத்துவிடலாம். புறநகர் என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை; எந்தப் பக்கத்துப் புறநகர் என்பதில்தான் இருக்கிறது.

இனி எங்கள் வாசலுக்கு வருகிறவர்களைப் பார்ப்போம். தேக்கடிக்கு வருகிற கூட்டம் குமுளியில் தங்குவதா, கீழே கம்பத்திலோ கூடலூரிலோ தங்குவதா? குமுளியில் இறங்கினால் கேரளம். குளிர்ச்சி, நடக்கும் தூரத்தில் கடைவீதி, பெரியாறு சரணாலய வாசல். காலை ஏழரை மணிப் படகைப் பிடிக்க வேண்டியவர்கள் மேலேதான் தங்க வேண்டும். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் பெரிய கூட்டம் பெரும்பாலும் படகுக்காக மட்டும் வருவதில்லை. சுருளி அருவியில் குளியல், லோயர் கேம்ப்பில் பென்னி குயிக் மணிமண்டபம், திராட்சைத் தோட்டம், வீரபாண்டி கௌமாரியம்மன், குச்சனூர் சனீஸ்வரன் என்று பார்க்க வேண்டியவை எல்லாம் கீழே இருக்கின்றன. மேலே ஒரு நாள், கீழே இரண்டு நாள் என்று திட்டம் வைத்திருப்பவர், மூன்று நாளும் மேலே தங்கித் தினமும் மலைச்சாலையில் ஏறி இறங்குவது வீண். கம்பத்தில் தங்கினால் குமுளிக்கு அரசுப் பேருந்து அடிக்கடி உண்டு. ஆல் இந்தியா பர்மிட் இல்லாத தமிழ்நாட்டு வேனுக்குக் கேரள வரி கட்டும் வேலையும் மிச்சம்; வேனைக் கீழே நிறுத்திவிட்டுப் பேருந்திலும் ஜீப்பிலும் மேலே பார்த்து வரலாம்.

கார்த்திகை, மார்கழியில் இந்தக் கணக்கு முழுவதும் மாறும். சபரிமலை சீசனில் கூட்டம் கூடும் நாட்களில் போகிற வண்டிகளைக் கம்பம் மெட்டு வழியாகவும் திரும்புகிற வண்டிகளைக் குமுளி வழியாகவும் விடுவார்கள். அந்த நாட்களில் குடும்பத்தோடு தேக்கடிக்கு வர நினைப்பவர்கள் வேறு மாதம் பார்ப்பது நல்லது. ஐயப்பமார்கள் தங்குவதில் நாம் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது. அவர்கள் அறையைத் தேடுவதில்லை, மண்டபம் தேடுகிறார்கள். சமையல்காரரோடு வருகிறார்கள், கூடத்தில் படுக்கிறார்கள், சுருளியில் குளிக்கிறார்கள். குளியலறைக் கணக்கை அருவி தீர்த்துவைக்கிறது.

போடியிலோ தேனியிலோ தங்கி மூணாறு பார்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, பூப்பாறை, தேவிகுளம் தாண்டி மூணாறு போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பனி இறங்கிய சாயங்காலத்தில் அதே வழியில் இறங்குவது பிள்ளைகளுக்கு வாந்தியும் பெரியவர்களுக்குத் தலைசுற்றலும் தரும். மூணாறுக்கு மூணாற்றில்தான் தங்க வேண்டும். மேகமலைக்கும் அப்படியே. சின்னமனூரில் தங்கி ஒரே நாளில் போய் வரலாம் என்று தோன்றும்; மாலைக்குப் பிறகு வனத்துறைச் சோதனைச்சாவடியில் வண்டி விடமாட்டார்கள். அவசரமாக ஏறி அவசரமாக இறங்கினால், தேயிலைக்கும் ஏரிக்கும் நடுவே அந்த மலை தருகிற அமைதி கையில் சிக்காமல் போய்விடும்.

எங்கள் பள்ளத்தாக்கில் பெரிய கூட்டத்துக்கு ஏற்ற சூட் அறைகள் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். லாட்ஜ்கள் இருக்கின்றன, கல்யாண மண்டபங்கள் நிறைய இருக்கின்றன, அங்கங்கே தோட்டத்து வீடுகள் இருக்கின்றன. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. மாப்பிள்ளை வீட்டார் தங்க அறைகள், சமையல்கட்டு, வேன் நிறுத்த இடம், பெரிய கூடம் என்று ஒரு கூட்டத்துக்கு வேண்டியது அத்தனையும் அங்கே ஏற்கெனவே உண்டு. குளியலறைகளைச் சுத்தமாக்கி, நாலு மெத்தையும் கொசுவலையும் போட்டு நாள் வாடகைக்குக் கொடுத்தால், வருகிற கூட்டம் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்க வேண்டியதில்லை.

ஊருக்கு வெளியே தங்கவே கூடாத சமயங்களும் உண்டு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் அறை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஆஸ்பத்திரி வாசலை ஒட்டித்தான் இருக்க வேண்டும்; ராத்திரி இரண்டு மணிக்கு மருந்து வாங்கிவரச் சொல்வார்கள். நாலைந்து பேர் மட்டும் போகிற ஒரு ராத்திரிப் பயணத்துக்கும் சூட் தேவையில்லை.

கடைசியாக, யாரும் விசாரிக்காத ஓர் ஆளைப் பற்றி. டெம்போ டிராவலரிலோ வேனிலோ போகிற கூட்டங்கள் தங்குமிடம் பார்க்கும்போது 14 பேருக்குக் கணக்குப் போடுகின்றன. வண்டி ஓட்டுகிறவர் பதினைந்தாவது ஆள். நகரின் நடுவில் உள்ள லாட்ஜ்களில் வண்டியையே நாலு தெரு தள்ளித்தான் நிறுத்த முடிகிறது. அவர் சீட்டைச் சாய்த்து, கண்ணாடியைப் பாதி இறக்கி, கொசுக்கடியில் படுத்திருப்பார். விடிந்ததும் நாம் குளித்துத் தலை வாரி ஏறி உட்காருவோம். அவர் பெட்ரோல் பங்கில் முகம் கழுவிவிட்டு வருவார். ராத்திரி முழுக்க முழித்திருந்து ஓட்டி, பகலில் தூங்க இடமில்லாமல், மறுநாள் ராத்திரி மறுபடி ஓட்டுகிறவர் கையில்தான் போடிமெட்டு வளைவிலும் குமுளி மலைச்சாலையிலும் நம் பிள்ளைகளை ஒப்படைக்கிறோம். இந்த இடத்தில் ஊருக்கு வெளியே உள்ள விடுதியே மேல்: வளாகத்துக்குள்ளேயே வண்டி நிற்கும், காவலாளி அறையை ஒட்டியாவது ஒரு கட்டில் கிடைக்கும்.

போன மாதம் திருச்செந்தூருக்கு இடம் கேட்டுப் போன் செய்தேன். வாடகை, குளியலறை எதையும் கேட்கும் முன்பு, டிரைவருக்குக் கட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானும் பதினெட்டு வருஷம் வேன் ஓட்டுனவன்தான் சார். ஃபேனோட ஒரு ரூமே போட்டு வச்சிருக்கேன், வாங்க" என்றார். எத்தனை குளியலறை என்று அதற்குப் பிறகுதான் கேட்டேன்.